மெயினை இறக்கியாச்சு, அப்புறமும் கரண்ட்: சோலார் வீட்டில் கைவைக்கும் முன்

பெங்களூரில் ‘சோலார்’ என்றால் பாதிப் பேருக்கு மொட்டைமாடி வெந்நீர் டாங்க்தான் நினைவுக்கு வரும். கம்மனஹள்ளியில் ஒரு வீட்டுக்கு டிபி (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றப் போன, என்னிடம் வேலை பழகும் பையனுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. “மேல சோலார் இருக்கு தம்பி” என்று வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். “அதுக்கும் நம்ம வேலைக்கும் சம்பந்தமில்லைம்மா” என்று இவன் மெயினை இறக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் டிபிக்குள் இருக்கும் செம்புப் பட்டையில், அதாவது பஸ்பாரில், டெஸ்டரை வைத்தான். எரிந்தது. மேலே இருந்தது கரண்ட் தயாரிக்கும் பேனல். பழக்கதோஷம் வாழ்க.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சாதாரண வீட்டில் கரண்ட் ஒரே பக்கமிருந்து வரும்: கம்பம், மீட்டர், மெயின், டிபி, பாயிண்ட். நடுவில் எங்கே அடைத்தாலும் அதற்குக் கீழே எல்லாம் காலி. சோலார் வைத்த வீட்டில் தெருவிலிருந்தும் வரும், மாடியிலிருந்தும் வரும். பேட்டரி இருந்தால் அதிலிருந்தும் வரும். எந்த சுவிட்சை இறக்கினாலும் அதன் ஒரு பக்கம் மட்டும்தான் செத்திருக்கும், மறுபக்கம் உயிரோடு இருக்கலாம். அதனால் ‘ஆஃப் ஆயிடுச்சா?’ என்று கேட்டால் போதாது. ‘எந்தப் பக்கம் ஆஃப்?’ என்று கேட்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டும்.

2024 பிப்ரவரியில் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம் என்றான பிறகு, முன்பு பங்களாக்களில் மட்டும் பார்த்த பேனல்களை 30க்கு 40 சைட் வீடுகளிலும் பார்க்கிறோம். ஃபேன் மாட்டப் போகிற எலக்ட்ரீஷியனும் இனி இதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்சை இறக்குவது, பூட்டுவது, இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) திரையைப் படிப்பது, இதெல்லாம் வீட்டுக்காரர் செய்யலாம். மூடியைக் கழற்றுவது லைசென்ஸ் உள்ளவர் வேலை, அதிலும் டிசி (பேனலிலிருந்து வரும் நேர்மின்னோட்டம்) பழகியவர் வேலை. மீட்டரிலும் அதன் சீலிலும் யாரும் கைவைக்கக் கூடாது. அந்தப் பக்கம் ஏதாவது தேவை என்றால் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912-க்கு அழையுங்கள்.

முதலில் வழிகளை எண்ணுங்கள்

டூல்ஸ் பையைத் திறக்கும் முன் மாடி வரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். பேனலும் இன்வெர்ட்டரும் மட்டும், பேட்டரி இல்லை என்றால் அது ஆன்-கிரிட், தெரு லைனோடு (கிரிட்) சேர்ந்து ஓடுவது. தெருக் கரண்ட் போனால் இதுவும் 2 விநாடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியும் சேர்ந்திருந்தால் ஹைபிரிட். இதில் ‘பேக்கப்’ என்று தனியாக ஒரு வெளிவழி இருக்கும், தெருக் கரண்ட் போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, தெரு லைனுக்கு எதையும் அனுப்பாத ஆஃப்-கிரிட்.

இதற்கெல்லாம் மேல், நம்ம ஊர் வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு யுபிஎஸ் உட்கார்ந்திருக்கும். பழைய வீட்டில் பத்து வருஷத்துக்கு முன் யாரோ மாட்டியது. சோலார் போட வந்தவர்கள் அதைத் தொடாமல் போயிருப்பார்கள். வீட்டுக்காரரும் அதைக் கணக்கில் சொல்ல மாட்டார். ‘பேட்டரி இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். ‘கரண்ட் போனா ஃபேன் ஓடுமா?’ என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும்.

எண்ணிய கணக்கை டிபி கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுவேன். கம்மனஹள்ளி வீட்டில் எழுதியது: ‘தெரு 1, சோலார் 1, யுபிஎஸ் 1’. அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு அந்த ஒரு வரி போதும்.

இறக்கும் வரிசை, அதற்கான காரணம்

ஆன்-கிரிட் வீட்டில் முதலில் ஏசி (தெருவிலும் வீட்டிலும் ஓடும் மாறுமின்னோட்டம்), பிறகுதான் டிசி. அதாவது ஏசிடிபியில் (சோலாரின் ஏசி பக்கத்துப் பெட்டி) இருக்கும் சோலார் எம்சிபியை (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) முதலில் இறக்குங்கள். தெருக் கரண்ட் காணவில்லை என்று இன்வெர்ட்டர் வேலையை நிறுத்தும். அப்போது பேனலிலிருந்து வோல்டேஜ் இருக்கும், ஆனால் ஆம்பியர் ஓடாது. அதன் பிறகு பேனலையும் இன்வெர்ட்டரையும் பிரிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரைத் திருப்புங்கள். கடைசியாக வீட்டு மெயின்.

ஏன் இந்த வரிசை? ஏசி கரண்ட் ஒரு விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணைந்துவிடும். டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. லோடு ஓடும்போது பிரித்தால், பிரித்த இடைவெளியிலேயே தீ நின்று எரியும். என் பையில், பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டர் ஒன்று வைத்திருக்கிறேன், புதுப் பையன்களுக்குக் காட்டுவதற்கு. பட்டப்பகலில், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ இழுத்துப் பிரித்தது. உள்ளே இருக்கும் பின்னின் நுனியில் செம்பு உருகி மிளகு அளவு உருண்டையாக ஒட்டியிருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கின் வாய் ஒருபக்கம் வழிந்து, பிறகு இறுகிவிட்டது. முகர்ந்தால் இன்னும் லேசாக வாடை அடிக்கும். பிரித்தவரின் கை தப்பியது அதிர்ஷ்டம்தான்.

இந்த டிசி எவ்வளவு வோல்ட் என்று பலருக்குத் தெரிவதில்லை. 540 வாட் பேனல் ஒன்று லோடு இல்லாமல் 49, 50 வோல்ட் காட்டும். அதை மட்டும் கேட்டால் பயமே வராது. ஆனால் 6 பேனலைத் தொடராகக் கோர்த்தால் 300, 10 பேனல் என்றால் 500. மார்கழிக் காலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் ஏறும், பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் கூடும். மேகமூட்டம் இருந்தால் ஆம்பியர்தான் குறையும், வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பெங்களூரில் வெயிலே இல்லாத நாட்கள் நிறைய உண்டு. ‘வெயில் இல்லையே, ஒண்ணும் வராது’ என்று அந்த நாட்களில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஹைபிரிட்டில் பேக்கப் வழியையும் பேட்டரி பிரேக்கரையும் சேர்த்து இறக்க வேண்டும். எது முன், எது பின் என்பது மாடலுக்கு மாடல் மாறும், இன்வெர்ட்டரின் பக்கவாட்டு லேபிளில் எழுதியிருக்கும். லேபிள் சொல்வதே சட்டம். ஆஃப்-கிரிட்டில், பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து பேனலை முதலில் பிரியுங்கள், பேட்டரியைப் பிறகு. மாற்றிச் செய்தால், பேட்டரி தாங்கிக்கொண்டிருந்த பேனல் வோல்டேஜ் முழுவதும் கன்ட்ரோலரின் தலையில் இறங்கி அதைக் கெடுத்துவிடும். திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில்.

இறக்கிய பிறகு 5 முதல் 10 நிமிஷம் காத்திருங்கள். இன்வெர்ட்டருக்குள் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக அவ்வளவு நேரம் வேண்டும். சில மாடல்களுக்கு அதைவிட அதிகம், அதுவும் லேபிளில் இருக்கும்.

அப்புறம் பூட்டு. இதை ஏதோ பெரிய ஃபேக்டரிச் சம்பிரதாயம் என்று நினைத்தேன், ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டுக்குப் போகும் வரை. மீட்டரும் ஏசிடிபியும் தரைத்தளப் படிக்கட்டுக்கு அடியில். இன்வெர்ட்டர் மூன்றாம் மாடி ஹெட்ரூமில். நான் மேலே இன்வெர்ட்டர் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் மாமா வாக்கிங் முடித்து வந்தவர், ‘அடடா, எம்சிபி விழுந்திருக்கே’ என்று நல்ல மனசோடு தூக்கிவிட்டார். மூடிக்குள் ரிலே ‘டக்’கென்றது. நான் கீழே இறங்கிப் போய் சண்டை போடவில்லை, அவர் மேல் என்ன தப்பு? மறுநாள் எஸ்.பி. ரோடு போய் எம்சிபியில் மாட்டும் பூட்டு கிளிப் நான்கு வாங்கினேன். இப்போது பூட்டோடு ஓர் அட்டையும் தொங்கும்: ‘ஆன் மாடபேடி, ஆன் செய்யாதீர்கள், மேலே ஆள் இருக்கிறார்’. சாவி என் சட்டைப் பையில். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறையும் கையால் இயக்கும் ஐசொலேட்டர் திறந்த நிலையில் பூட்டக்கூடியதாக, திறந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதாக, 24 மணி நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் அது பீரோவுக்குப் பின்னால் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசிப் படி, சோதித்துப் பார்ப்பது. கையில் எடுத்துப்போகும் மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். பிறகு மறுபடியும் உயிருள்ள இடத்தில். நடுவில் மீட்டர் ஃபியூஸ் போயிருந்தாலோ, லீட் அறுந்திருந்தாலோ அதுவும் பூஜ்யம்தான் காட்டும். செத்த மீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பிக் கைவைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. டிசி பக்கத்துக்கு 1000 வோல்ட் தாங்கும் மீட்டர் வேண்டும், கேட் 3 என்ற பாதுகாப்புக் குறி போட்டிருக்க வேண்டும்.

இனி அறிகுறிகள்.

மெயின் இறக்கியும் சில பாயிண்ட்டுகளில் மட்டும் கரண்ட்

எந்தெந்தப் பாயிண்ட் என்று முதலில் பாருங்கள். ஹால் ஃபேன், இரண்டு லைட், டிவி, வைஃபை பெட்டி என்றால் சந்தேகமே வேண்டாம், யுபிஎஸ் அல்லது ஹைபிரிட்டின் பேக்கப். அதை அதன் இடத்தில் போய் நிறுத்துங்கள். முன்பக்க பட்டனை அழுத்தினால் போதாது, வெளிவழி எம்சிபியையும் இறக்கிப் பூட்ட வேண்டும்.

மொத்த டிபியும் உயிரோடு இருந்தால் விஷயம் சிக்கல். கம்மனஹள்ளி வீட்டில் நடந்தது இதுதான். யுபிஎஸ்ஸின் வெளிவழியை யாரோ ஒரு காலத்தில் ஒரு ஜம்ப்பர் போட்டு டிபியின் பஸ்பாரோடு சேர்த்திருந்தார்கள். ஆன்-கிரிட் இன்வெர்ட்டருக்கு வெளியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சீராகத் தெரிந்தால் போதும், அது தெருவிலிருந்து வருகிறதா யுபிஎஸ்ஸிலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. மெயினை இறக்கினோம், யுபிஎஸ் எழுந்தது, அதைப் பார்த்து சோலாரும் எழுந்தது. மெயினை இறக்கிய வீட்டில் இரண்டு பேர் கைகோர்த்துக்கொண்டு கரண்ட் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு இழுப்பதைவிட அதிக சோலார் கரண்ட் வந்து யுபிஎஸ்ஸுக்குள் பின்னால் தள்ளப்பட்டால், யுபிஎஸ்ஸும் போய்விடும். அந்த ஜம்ப்பரைக் கழற்றி, யுபிஎஸ் லைன்களின் ஃபேஸையும் நியூட்ரலையும் தனியாகப் பிரித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினோம்.

ஃபேஸில் ஒன்றும் இல்லை, நியூட்ரலைக் கழற்றும்போது மட்டும் சுள்ளென்கிறது என்றால், நியூட்ரல் பங்காளித்தனம். இரண்டு வழிகளுக்கு ஒரே நியூட்ரல். நீங்கள் கழற்றும் கம்பி வேறொரு லைனின் திரும்பும் பாதையாக இருக்கும். மாடிப் போர்ஷன்களை வாடகைக்கு விட்ட வீடுகளில் இது சகஜம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிரிக்கும் டபுள் போல் மெயின் இருக்கிறதா என்று பார்க்காமல் நியூட்ரல் லிங்கைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, சோலார் லைன் எங்கே வந்து சேர்கிறது என்பது. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் சேர்த்திருந்தால், வீட்டு மெயினை இறக்கினாலும் சோலார் பாட்டுக்குத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பிழை இல்லை, ஆனால் மெயினின் மேல் பக்கம் இரட்டை உயிர். அங்கே வேலை என்றால் சோலார் எம்சிபியும் இறங்கியாக வேண்டும், பெஸ்காம் ஆளும் வந்தாக வேண்டும்.

ஏசி இறக்கியும் இன்வெர்ட்டர் திரை எரிகிறது

எரியட்டும். திரைக்குப் பேனலிலிருந்து சாப்பாடு வருகிறது. ‘கிரிட் இல்லை’ என்ற மாதிரி ஏதாவது காட்டினால் எல்லாம் சரி. டிசி ஐசொலேட்டரையும் திருப்பிய பிறகு சில நிமிஷத்தில் அணைய வேண்டும்.

டிசி ஐசொலேட்டர் ஆஃப், ஆனால் மீட்டரில் 300 வோல்ட்

எந்தப் பக்கம்? பேனல் பக்கம் என்றால் அது அப்படித்தான் இருக்கும். சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது. பேனலிலிருந்து ஐசொலேட்டர் வரை வரும் கேபிள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உயிரோடுதான் இருக்கும். சுவரில் டிரில் போடும்போது, வாட்டர்புரூஃபிங்குக்காக மொட்டைமாடியைக் கொத்தும்போது இந்தக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகும் டிரில் பிட் அதில் பட்டால் கதை முடிந்தது.

இன்வெர்ட்டர் பக்கம் 300 காட்டினால்தான் கவலை. 5 நிமிஷம் பொறுங்கள். சரசரவென்று இறங்கினால் கெபாசிட்டர்தான். இறங்காமல் நின்றால் மூன்று காரணம் பார்க்கலாம். ஒன்று, இரண்டாவது ஸ்ட்ரிங் (தொடராகக் கோர்த்த பேனல் வரிசை). இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி (பேனல் வரிசைகளுக்கான தனித்தனி உள்வழி) இருந்தால் இரண்டு ஐசொலேட்டர் இருக்கலாம், நீங்கள் திருப்பியது ஒன்றைத்தான். இரண்டு, ஐசொலேட்டருக்குள் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. கைப்பிடி ஆஃபுக்குத் திரும்பும், உள்ளே பிரிந்திருக்காது. மூன்று, யாராவது அதைச் சுற்றி நேராக இணைத்துவிட்டிருப்பார்கள்.

காண்டாக்ட் ஏன் ஒட்டுகிறது? பெரும்பாலும் லோடோடு பலமுறை திருப்பியதால். இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பமானது. ஐசொலேட்டருக்குப் பதில் டிசி எம்சிபி மாட்டியிருந்தால் அதன் மேல் பிளஸ், மைனஸ் குறி இருக்கிறதா பாருங்கள். குறி இருந்தால் அதற்குத் திசை உண்டு. உள்ளே இருக்கும் காந்தம் பொறியை அணைக்கும் கூண்டுப் பக்கம் தள்ளும், தலைகீழாக இணைத்தால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அணைய வேண்டிய பொறி பெட்டியையே எரிக்கும். சாதா ஏசி எம்சிபியை டிசிக்கு மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இருபது ஐம்பது ரூபாய் லாபம் பார்த்த வேலை. அதைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

ஒட்டிய ஐசொலேட்டரைப் பகலில் கழற்ற வேண்டாம். இருட்டிய பிறகு மீட்டர் பூஜ்யம் காட்டும்போது மாற்றலாம். சிலர் பேனலுக்கு மேல் தார்ப்பாய் போர்த்துவார்கள். போர்த்துங்கள், ஆம்பியர் குறையும். ஆனால் அதைத் துண்டிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் புகும் வெளிச்சத்துக்கே வோல்டேஜ் எழும், காற்றடித்தால் தார்ப்பாய் பறக்கும். இரவிலும் ஹைபிரிட் பேட்டரி தூங்குவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

பேனல் ஸ்டாண்டைத் தொட்டால் சுள்ளென்கிறது, அல்லது திரையில் ‘இன்சுலேஷன்’, ‘ஐஎஸ்ஓ’ என்று பிழை

இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கோ டிசி கேபிளின் தோல் உரிந்து ஸ்டாண்டைத் தொடுகிறது, அல்லது கனெக்டர் தேங்கிய தண்ணீரில் கிடக்கிறது. எர்த் நன்றாக இருந்தால் இன்வெர்ட்டர் கண்டுபிடித்துப் பிழை காட்டும். எர்த் அறுந்திருந்தால் உங்கள் கை கண்டுபிடிக்கும். பேனல்களில் இயல்பாகவே இருக்கும் மிகச் சிறிய கசிவுகூட எர்த் இல்லாத ஸ்டாண்டில் சுள்ளென்று தெரியும். அதனால் ஷாக் அடித்தால் எர்த் கம்பி போன பாதையைச் சந்தேகிக்க வேண்டும். மாடியில் துணி காயப்போடுகிறவர்களையும் பிள்ளைகளையும் முதலில் கீழே அனுப்புங்கள். ஏசி, டிசி இரண்டையும் வரிசைப்படி இறக்குங்கள்.

அக்டோபர் மழையில் காலையில் இந்தப் பிழை வந்து, பதினொரு மணி வெயிலில் தானாகப் போய்விடும். ‘சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். ஈரம் காய்ந்தது, அவ்வளவுதான். உரிந்த இடம் அங்கேயே இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. எலக்ட்ரீஷியன்களுக்கு மட்டும், 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டவர்களுக்கு மட்டும். ஐசொலேட்டர் ஆஃப். அதன் பேனல் பக்கத்தில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜை அளவிடுங்கள், பிறகு மைனஸுக்கும் எர்த்துக்கும். பழுது இல்லாத ஸ்ட்ரிங்கில் இரண்டும் ஏதோ காட்டிவிட்டு இறங்கிப் போய்விடும். நிலையாக நின்றால் எர்த் தொடர்பு இருக்கிறது. சொல்லப்போனால் எங்கே என்றும் அதுவே சொல்லும். 6 பேனல், மொத்தம் 300 வோல்ட் என்று வையுங்கள். பிளஸ்ஸிலிருந்து எர்த் 200, மைனஸிலிருந்து எர்த் 100. ஒரு பேனல் 50 என்பதால், பிளஸ் பக்கமிருந்து 4 பேனல் தாண்டி, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் போய்ப் பாருங்கள். முதல்முறை இந்தக் கணக்கு பலித்தபோது எனக்கே ஜோசியம் சொன்ன மாதிரி இருந்தது. அங்கே கேபிள் டை வெயிலில் பொடிந்துபோய், கேபிள் தொங்கி, ஸ்டாண்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. சில வீடுகளில் அணில் வேலை.

சரி, இடம் தெரிந்துவிட்டது, கனெக்டரைப் பிரிக்கலாமா? பிரிக்கும் முன் டிசி படிக்கும் கிளாம்ப் மீட்டரை அந்தக் கேபிளில் மாட்டுங்கள். ஐசொலேட்டர் ஆஃபில் இருந்தாலும், இரண்டு இடத்தில் எர்த் தொட்டிருந்தால் ஸ்டாண்ட் வழியாகவே ஆம்பியர் சுற்றிக்கொண்டிருக்கும். பூஜ்யம் என்றால் பிரிக்கலாம். இல்லை என்றால் இருட்டும் வரை யாரும் தொட வேண்டாம்.

டெஸ்டர் எரிகிறது, மீட்டரில் 60 வோல்ட்

பக்கத்துக் கேபிளிலிருந்து தொற்றிய பேய் வோல்டேஜாக இருக்கலாம். ஒரே பைப்பில் சோலார் லைனும் வீட்டு லைனும் இழுத்திருந்தால் வரும். நியான் டெஸ்டர் துளிக் கரண்டுக்கே எரியும். குறைந்த இம்பீடன்ஸ் வசதியுள்ள மீட்டரில் வைத்தால் பேய் ஓடிவிடும், உண்மையான கரண்ட் நிற்கும். மீட்டரை மாற்றிப் பார்க்காமல் ‘இது பேய்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள். டிசிக்கு டெஸ்டரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

டிசிடிபியில் (பேனல் கேபிள்கள் வந்து சேரும் டிசி பெட்டி) சீறல் சத்தம், கருகல் வாடை

மூடியைத் திறக்காதீர்கள். கைப்பிடியையும் திருப்பாதீர்கள். நேராகக் கீழே ஓடி ஏசிடிபியில் சோலார் எம்சிபியை இறக்குங்கள். லூஸ் கனெக்ஷனில் எரியும் பொறிக்கு இன்வெர்ட்டர் இழுக்கும் ஆம்பியர்தான் தீனி. ஏசியை இறக்கினால் இன்வெர்ட்டர் இழுப்பதை நிறுத்தும், சீறலும் நிற்கும். நிற்கவில்லை என்றால் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றோடொன்று சேர்ந்து எரிகின்றன. அதை எந்த சுவிட்சாலும் நிறுத்த முடியாது. எல்லோரையும் வெளியேற்றி 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். ‘மாடியில் சோலார் பேனல், டிசி லைவாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். பக்கெட் தண்ணீரைத் தூக்காதீர்கள்.

நின்றுவிட்டால், மாலையில் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூ முறுக்காமல் விடப்பட்டிருக்கும். அல்லது பெட்டியில் கேபிள் நுழையும் கிளாண்ட் ஓட்டையை அடைக்காததால் பல்லி உள்ளே போயிருக்கும். அதன் எலும்புக்கூடு இரண்டு முனைக்கும் நடுவில் கறுத்துக் கிடக்கும்.

சோலார் ஆன் செய்தால் ஆர்சிசிபி விழுகிறது

வீட்டு பாயிண்ட்டுகளுக்கான 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) வழியாகவே சோலாரையும் கொடுத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் இயல்பான கசிவு கொஞ்சம் உண்டு, மழை நாளில் இன்னும் ஏறும். சோலாருக்குத் தனி வழி, இன்வெர்ட்டர் கையேடு சொல்லும் வகையில் தனி ஆர்சிசிபி. அதற்கு முன் மேலே சொன்ன எர்த் கணக்கைப் போட்டுப் பாருங்கள், உண்மையிலேயே கசிவு இருக்கலாம். ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைப்பது தீர்வே அல்ல.

வேலை முடிந்தது, எல்லாம் தூக்கியாச்சு, இன்வெர்ட்டர் எழவில்லை

பதறாதீர்கள். தெரு வோல்டேஜ் சீராக இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி பார்த்துவிட்டுத்தான் அது இணைய வேண்டும் என்பது விதி. சில மாடல்கள் 5 நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ‘ஏன் வரலை, ஏன் வரலை’ என்பார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கும் முன் பிளஸ், மைனஸைப் பார்த்தீர்களா? ஸ்ட்ரிங்கைக் கழற்றி மாட்டியிருந்தால், ஐசொலேட்டர் ஆஃபில் இருக்கும்போதே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மீட்டரில் பார்த்துவிட வேண்டும். மைனஸ் குறியோடு காட்டினால் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஸ்ட்ரிங் இணையாக இருந்து ஒன்று மட்டும் தலைகீழ் என்றால், ஐசொலேட்டரைத் திருப்பிய நொடியில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

காலையில் எழுகிறது, மதியம் மட்டும் ‘கிரிட் வோல்டேஜ் அதிகம்’ என்று விழுகிறது என்றால், கேபிளைப் பாருங்கள். 230-க்கு 10 சதவீதம் மேல், அதாவது 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிவிடும். கல்யாண் நகர்ப் பக்கம் ஒரு மூன்று மாடி வீட்டில் 5 கிலோவாட் இன்வெர்ட்டரை 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் கீழே இழுத்திருந்தார்கள். ஒரு வழி 30 மீட்டர், போக வர 60. அந்த வயருக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். 60 மீட்டருக்கு 0.44. நல்ல வெயிலில் 20 ஆம்பியர் தள்ளும்போது ஏறக்குறைய 9 வோல்ட் அந்த வயரிலேயே ஏறிவிடும். கீழே மீட்டரில் 245, மேலே இன்வெர்ட்டரில் 254. வீட்டுக்காரர் இன்வெர்ட்டரை மாற்ற இரண்டு முறை ஆள் வரவழைத்திருக்கிறார். ஏசி, டிசி இறக்கி, பூட்டி, 6 ஸ்கொயர் எம்எம் இழுத்தோம். ஏற்றம் 4 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. பழைய வயரைப் பைப்பிலிருந்து உருவும்போது, அது ஏசிடிபியில் நுழைந்த இடத்தில் இன்சுலேஷன் பழுப்பேறி, விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.